'ஹவ்' என்று எழுதியிருந்த தாள்

பள்ளி முடிக்கும் பிள்ளைகளுக்கு அவர்களுடைய வகுப்புத் தோழர்களையே வழித்துணையாக அமர்த்தும் பொறுப்பை இந்த ஆண்டு ஏற்றிருக்கும் ஆசிரியர்களே, சென்ற சனிக்கிழமை செகந்திராபாத்தில் உங்கள் முன் ஒரு மணி நேரம் பேசிவிட்டுச் சைனிக்புரிக்கு ஆட்டோவில் திரும்பியபோது எனக்கு மிகுந்த களைப்பாக இருந்தது. முழங்கால் வலி அதற்கு ஒரு காரணம். பேசியதில் பெரும்பகுதி வீண் என்ற எண்ணம் மற்றொன்று. படிவத்தை எப்படி அமைப்பது, எந்த மாதம் எதைத் தொடங்குவது என்றெல்லாம் விளக்கினேன். சொல்லியே தீர வேண்டிய ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன். கூட்டத்தின் கடைசி நொடியில் நிகழ்ந்த ஒரு சிறு விஷயம்தான் அதை எனக்கு உணர்த்தியது. அது என்னவென்று முடிவில் சொல்கிறேன். முதலில் என் பிழையைச் சொல்லிவிடுகிறேன்.

நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆங்கிலம் கற்பித்தவள். கையில் சிவப்புப் பேனா இல்லாத நாள் எனக்குக் குறைவு. ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு எங்கள் பெண்கள் பள்ளியில் இந்தத் திட்டத்தைத் தொடங்கினேன். நம் ஊரில் பத்தாம் வகுப்போடு பள்ளி முடிந்துவிடுகிறது. அதன்பின் ஜூனியர் காலேஜில் இரண்டாண்டு இன்டர், அல்லது பாலிடெக்னிக்கில் மூன்றாண்டு டிப்ளமா. பதினைந்து வயதில் ஒரு பெண் எடுக்கும் முடிவு அவளுடைய ஐம்பது வயது வரை நீள்கிறது. அந்த முடிவைப் பற்றி ஆசிரியையிடம் பேசும்போது அவள் ஆசிரியைக்குப் பிடித்ததைச் சொல்கிறாள். தோழியிடம் பேசும்போது தனக்குப் பிடித்ததைச் சொல்கிறாள். ஆகவே நூலகத்துக்கு வெளியே வராந்தாவில் ஒரு மேசையும் இரண்டு பெஞ்சுகளும் போட்டு, பத்தாம் வகுப்பிலேயே சிலரைத் தேர்ந்து பயிற்சி அளித்து, உணவு இடைவேளையில் அமர்த்தினோம். பிள்ளைகள் அதற்கு 'ஆகே க்யா மேசை' என்று பெயர் வைத்தார்கள். 'அடுத்து என்ன' என்று பொருள். நான் சூட்டிய நல்ல பெயர் ஒன்று இருந்தது. அதை ஒருவரும் சொன்னதில்லை.

அந்த மேசையில் அமர்ந்தவர்களுள் ஒருத்தி கீதா. அவள் குடும்பம் நான்கு தலைமுறையாகச் செகந்திராபாத்தில் இருக்கும் ரயில்வேக் குடும்பம். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, விளையாட்டில் தக்கணி இந்தி என்று மூன்றும் கலந்து பேசுவாள். நான் அவளைத் திருத்தாத நாளில்லை.

"மேடம், கைக்கு இவ்வளவு டென்ஷன்?" என்பாள்.

"'கைக்கு' என்பதற்கு 'ஏன்' என்று தமிழில் ஒரு சொல் இருக்கிறது, கீதா."

"ஹவ் மேடம்."

"'ஆமாம்' என்றும் ஒன்று இருக்கிறது."

"ஹவ் மேடம்" என்று சிரிப்பாள்.

அவளிடம் ஆலோசனைக்கு வந்தவள் லாவண்யா. தந்தை பெரியசாமி கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வந்து மல்லாபூரில் பிளாஸ்டிக் சாமான்கள் வார்க்கும் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தவர். தாய் இல்லை. லாவண்யா கணக்கில் வகுப்பின் முதல் மாணவி, அதிகம் பேசாதவள். அந்த ஆண்டு பிப்ரவரியில் நகருக்கு வெளியே விடுதியோடு இயங்கிய ஒரு ஜூனியர் காலேஜ், எங்கள் பள்ளி பரிந்துரைக்கும் ஒரு பெண்ணுக்குக் கணிதப் பிரிவில் முழு இலவச இடம் தருவதாக எழுதியிருந்தது. யாரை அனுப்புவது என்பதில் எனக்கு ஐயமே எழவில்லை. லாவண்யாவின் சம்மதத்தைக் கேட்டு எழுதி வரும்படி கீதாவிடம் தாளைக் கொடுத்தேன். அந்தத் தாளை வடிவமைத்தவள் நான். பெயர், வகுப்பு, பிரிவு, இறுதியில் 'மாணவியின் சம்மதம்' என்று ஒரு கட்டம்.

மறுநாள் திரும்பி வந்த தாளில் அந்தக் கட்டத்துக்குள் கீதா, மேற்கோள் குறிகளுக்கு நடுவே, ஆங்கில எழுத்தில் 'ஹவ்' என்று எழுதியிருந்தாள்.

அன்று என் மேசையில் ஒரு கட்டுத் தாள்கள் கிடந்தன. தலைவலி வேறு. கீதாவை அழைத்தேன்.

"இது ஆபீசுக்குப் போகும் தாள். தெருப் பேச்சை இதிலும் எழுதுவாயா?"

"மேடம், அவ அப்படித்தான் சொன்னா. மூணு தடவ கேட்டேன். மூணு தடவையும் ஹவ்."

"'ஹவ்' என்றால் 'யெஸ்' தானே?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தாளைப் பார்த்தாள். பிறகு, "ஹவ் மேடம்" என்றாள்.

நான் சிவப்புப் பேனாவால் அந்தச் சொல்லை அடித்துவிட்டு, மேலே 'யெஸ்' என்று எழுதி, அதன் பிரதியை அன்று மாலையே தபாலில் சேர்க்கச் சொன்னேன். மூலத் தாளைக் கோப்பில் வைத்தேன். கீதா போய்விட்டாள். அவள் கடைசியாகச் சொன்ன அந்த இரண்டு சொற்களையும் நான் கேட்டேன். செவியில் மட்டும் கேட்டேன்.

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். இல்லையேல் என் பிழையின் அளவு உங்களுக்கு விளங்காது. நான் சிறுவயது முதல் பாசுரங்கள் ஓதுகிறவள். திருமணமாகி இந்த ஊருக்கு வந்தபின், செகந்திராபாத்தில் ஒரு கோயிலில் விடியற்காலை ஓதும் கோஷ்டியின் பின்வரிசையில் பல ஆண்டுகள் அமர்ந்திருக்கிறேன். அங்கே பொருள் சொன்ன பெரியவர் ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். பெரிய சொற்களை விட்டுவிட்டுச் சின்ன அசைகளில்தான் அவர் நிற்பார். இலக்கணம் பொருளில்லை என்று ஒதுக்கிவிட்ட 'ஓ', 'ஏ', 'அம்ம', 'கொல்' முதலியவற்றைப் பிடித்துக்கொண்டு, "இது எதுக்கு இங்க வந்து நிக்கறது? சும்மாவா நிக்கும்? வாய்விட்டுச் சொல்ல முடியாதத அவர் இதுக்குள்ள வச்சுட்டுப் போயிருக்கார்" என்பார். ஒரு 'ஓ'காரத்துக்கு ஒரு காலைப் பொழுது முழுவதும் செலவிட்டதுண்டு. அடியார் இறைவனிடம் சொன்ன ஓர் அசையைக்கூட அலட்சியம் செய்யலாகாது என்று கண்ணீரோடு கற்றவள் நான். கற்ற பிறகுதான், ஒரு பதினைந்து வயதுப் பெண் சொன்ன அசையை இரண்டு நொடியில் அடித்தேன்.

மார்ச்சில் தேர்வுகள் முடிந்தன. அந்தக் காலேஜில் முடிவுகள் வருமுன்பே வகுப்பு தொடங்கிவிடும் வழக்கம் இருந்தது. ஏப்ரல் தொடக்கத்தில் பெரியசாமி புதிய இரும்புப் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு மகளை விடுதியில் சேர்த்துவிட்டு, நேரே பள்ளிக்கு வந்து என்னை வணங்கினார்.

"டீச்சரம்மா, எங்க ஷெட்டுல எல்லாருக்கும் லட்டு குடுத்தேன். எம் பொண்ணு கையில மெஷின் எண்ணெ படாது இனிமே. அது போதும் எனக்கு" என்றார்.

நான் அன்று இறைவனுக்கு நன்றி சொன்னேன். என் பெருமையையும் அதில் கொஞ்சம் கலந்திருப்பேன்.

பத்து நாள் கழிந்திருக்கும். காலை பதினொரு மணிக்கு விடுதிக் காப்பாளர் தொலைபேசியில் அழைத்தார். தந்தை வாசலில் காத்திருப்பதாகச் சொல்லிவிட்டு லாவண்யா எட்டு மணிக்கே வெளியேறிவிட்டாள். வாசலில் தந்தை இல்லை. இனித் தங்களுக்குப் பொறுப்பில்லை என்றார். அவர் பேசி முடிப்பதற்குள் பெரியசாமியே என் அறைக்குள் நுழைந்தார். அவருக்கும் தகவல் போயிருந்தது. தொழிற்சாலைச் சட்டையோடு ஓடி வந்திருந்தார். மூச்சு வாங்கியது.

"போலீசுக்குப் போலாம் டீச்சரம்மா. எம் பொண்ணு அப்படிச் செய்யிறவ இல்ல. யாரோ எதோ பண்ணிட்டாங்க."

தலைமை ஆசிரியை அன்று ஊரில் இல்லை. முடிவு என்னுடையது. காவல் நிலையத்துக்குப் போனால் ஊரறியும். போகாமல் இருந்து அந்தப் பெண்ணுக்கு ஏதேனும் நேர்ந்தால் அந்தப் பாவம் எந்தத் தீர்த்தத்திலும் கரையாது. அந்த நிலையிலும் எனக்கு முதலில் தோன்றியது என்ன தெரியுமா? என்னைக் காத்துக்கொள்ளத் தோன்றியது. "அவள் சம்மதித்துத்தானே போனாள், இதோ பாருங்கள்" என்று சொல்லிக்கொண்டே கோப்பை எடுத்தேன். தாளைப் பிரித்து அவர் முன் வைத்தேன்.

வைத்த பிறகுதான் நானே அதைப் படித்தேன். என் சிவப்புக் கோடு. அதன் அடியில், அடிபட்டும் தெளிவாகத் தெரிந்த அந்தச் சொல். அதன் இருபுறமும் காவல் நிற்பதைப் போன்ற மேற்கோள் குறிகள்.

பெரியசாமி ஆங்கில எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படித்தார். "ஹ... வ்... ஹவ்வா? எம் பொண்ணு ஹவ்னா சொன்னா?"

"ஆமாம். நான்தான் அதை 'யெஸ்' என்று மாற்றினேன்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். என் அறையில் அவர் உட்கார்ந்தது அதுவே முதல் முறை.

"டீச்சரம்மா, எங்க சூப்பர்வைசர் வந்து 'இன்னிக்கு ரெண்டு ஷிப்ட் நில்லு'ம்பான். நான் ஹவ்ம்பேன். 'லீவு கெடையாது'ம்பான். ஹவ்ம்பேன். அதுக்கு சரின்னா அர்த்தம்? 'நீ சொன்னது காதுல விழுந்துருச்சு, என்ன விடு'ன்னு அர்த்தம். இருபது வருசமா நான் அந்த ஹவ்தான் சொல்லிட்டிருக்கேன். பாப்பா அத எங்கிட்டதான் கத்துக்கிட்டிருக்கா."

எந்த உரையாசிரியரும் எனக்கு அவ்வளவு சுருக்கமாக ஒரு சொல்லை விளக்கியதில்லை.

அப்போது வாசலில் கீதா நின்றுகொண்டிருந்தாள். தேர்வு முடிந்திருந்தும், அடுத்த வகுப்புப் பெண்களுக்கு மேசைப் பொறுப்பை ஒப்படைப்பதற்காக அன்று பள்ளிக்கு வந்திருந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது.

"கீதா, லாவண்யா எங்கே?"

"நக்கோ மேடம், வேணாம். கேக்காதீங்க. மேசையில பேசினத வெளிய சொல்லக் கூடாதுன்னு ரூல் போட்டது நீங்கதான்."

பெரியசாமி எழுந்தார். நான் கையமர்த்தினேன். அந்த விதியை நான்தான் போட்டேன். இப்போது என் வசதிக்காக அதை உடைக்கச் சொன்னால், அந்த மேசையில் இனி எந்தப் பெண்ணும் உண்மை பேசமாட்டாள். உடைக்கச் சொல்லாவிட்டால், என் எதிரே நிற்கும் மனிதர் நெஞ்சு வெடித்துப் போவார். ஒரே ஒரு கேள்வி மட்டும் கேட்டேன்.

"அவள் பத்திரமாக இருக்கிறாளா?"

"ஹவ் மேடம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "கீதா, இந்த ஹவ் எந்த ஹவ்?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவள் மொழியில் நான் கேட்ட முதல் கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். அவள் கண்கள் நிறைந்தன.

"இது நெஜ ஹவ் மேடம். எங்க வீட்டுலதான் இருக்கா. எங்கம்மா புளியோதரை போட்டு உக்கார வச்சிருக்காங்க." பிறகு பெரியசாமியின் பக்கம் திரும்பினாள். "அங்கிள், அவ ஓடிப் போகல. பாலிடெக்னிக் நுழைவுத் தேர்வுக்கு அப்ளிகேஷன் போட இன்னிக்கு அஞ்சு மணிதான் கடைசி. அதுக்குத்தான் வந்தா. உங்களக் கேக்காம போட மாட்டேன்னு காலையிலேருந்து போனையே பாத்துட்டு உக்காந்திருக்கா. கால் பண்ண தைரியம் இல்ல."

ஆட்டோவில் மூவரும் போனோம். பெரியசாமி அந்தத் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார்.

ரயில்வே குவார்ட்டர்ஸின் பின்புறத்தில் லாவண்யா துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பக்கெட் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. தந்தையைக் கண்டதும் எழுந்து நின்றாள். அடி விழும் என்று எதிர்பார்த்தவளைப் போலத் தோள்களைக் குறுக்கிக்கொண்டாள். அவர் அடிக்கவில்லை. கவிழ்ந்திருந்த பக்கெட்டைப் பார்த்தார்.

"இது யாரு கவுத்தது?"

கீதாதான் பதில் சொன்னாள். "அவதான் அங்கிள். எந்த வீட்டுக்குப் போனாலும் இதே வேலை. பக்கெட், டிபன் பாக்ஸ், சோப்பு டப்பா எல்லாத்தையும் கவுத்துப் பாப்பா. அடியில நடுவுல ஒரு புள்ளி இருக்கும்ல? அது வழியாத்தான் பிளாஸ்டிக் அச்சுக்குள்ள போகுமாம். புள்ளி கோணலா இருந்தா அச்சு சரியில்லன்னு அர்த்தமாம். கிளாஸ்ல எங்க எல்லாரு டிபன் பாக்ஸுக்கும் மார்க் போட்டிருக்கா. எனக்கு பெயில்."

சனிக்கிழமைதோறும் தந்தைக்குச் சாப்பாடு கொண்டுபோகும்போது, தொழிற்சாலையின் ஜன்னல் வழியே பார்த்துப் பார்த்து அவள் கற்றுக்கொண்டது அது. வார்க்கும் அச்சுகளைச் செய்ய வேண்டும், அதற்கு மெக்கானிக்கல் டிப்ளமா படிக்க வேண்டும் என்பதே அவள் விருப்பம். அந்த எண்ணெய் தன் மகள் கையில் படக் கூடாது என்பதற்காகவே இருபது ஆண்டுகள் உழைத்தவரிடம் அவள் அதை எப்படிச் சொல்லுவாள்?

பெரியசாமி சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து விரித்தார். "நக்கோன்னு ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல, கண்ணு?"

லாவண்யா தலை குனிந்தபடியே சொன்னாள். "எங்க எழுதறதுப்பா? பேப்பர பாருங்க. நக்கோ எழுத அதுல எடமே இல்ல."

தாளை நான் வாங்கிப் பார்த்தேன். 'மாணவியின் சம்மதம்' என்ற ஒரே ஒரு கட்டம். மறுப்புக்கு நான் இடமே விட்டிருக்கவில்லை. கீதா மெல்லச் சொன்னாள்: "அதனாலதான் மேடம் அவ சொன்னத அப்படியே எழுதினேன். நீங்க பாத்துட்டு, 'இது என்ன'ன்னு கேப்பீங்கன்னு நெனச்சேன்."

நான் கேட்டேன்தான். ஆனால் பதிலையும் நானே சொல்லிக் கேட்டேன்.

பெரியசாமி அந்தப் பக்கெட்டின் அடியில் இருந்த புள்ளியை விரலால் தொட்டுப் பார்த்தார். சம்மதம் என்று அவர் சொல்லவில்லை. போனில் திறந்திருந்த விண்ணப்பத்தைக் காட்டி, "எந்த பட்டன அமுக்கணும்?" என்று மட்டும் கீதாவிடம் கேட்டார். ஐந்து மணிக்குள் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது.

இதற்குப்பின் வெற்றிக் கதை ஒன்றை எதிர்பார்க்காதீர்கள். அந்தக் காலேஜ் மறு ஆண்டு எங்கள் பள்ளிக்கு இடம் தரவில்லை. தலைமை ஆசிரியைக்கு அந்த வருத்தம் தீரவே இல்லை. லாவண்யாவுக்கு ஊரின் மறு கோடியில் இருந்த பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்தது. தினமும் இரண்டு பஸ். ஆங்கிலத் தாளில் ஒரு முறை தோற்று, மூன்றாண்டுப் படிப்பை நான்காண்டில் முடித்தாள். இன்று மல்லாபூரில் பிளாஸ்டிக் வார்க்கும் அச்சுகள் செய்யும் ஒரு சிறிய பட்டறையில் வேலை செய்கிறாள். கையில் எண்ணெய் படத்தான் செய்கிறது. அவள் தந்தை அதை முழுமனத்தோடு ஏற்றுக்கொண்டாரா என்பது எனக்குத் தெரியாது. நான் தேர்ந்த வழியில் போயிருந்தால் அவள் இன்னும் உயர்ந்திருப்பாளோ என்று சில நாள் எண்ணுவதுண்டு. இந்த வேலையில் அதற்கெல்லாம் விடை கிடைப்பதில்லை. களைப்பு மட்டும் கிடைக்கிறது.

அந்த ஆண்டே தாளை மாற்றினேன். 'சம்மதம்' என்ற கட்டத்தை எடுத்துவிட்டு, 'அவள் சொன்ன சொல், சொன்னபடியே' என்று எழுதி, கீழே அரைப்பக்கம் வெறுமையாக விட்டேன். அந்தப் பகுதியில் ஆசிரியரின் பேனா படக் கூடாது என்று கீதா ஒரு விதி போட்டாள். அதன்பின் அங்கே என்னென்னவோ வந்தன. 'உம்', 'தெரியல', 'டாடி சொன்னா சரி', ஒரு முறை வெறும் கேள்விக்குறி. ஒவ்வொன்றையும் மேசைத் தோழியிடம் கொண்டுபோய், "இது எதற்கு இங்கே வந்து நிற்கிறது?" என்று கேட்பேன். கோயிலில் அந்தப் பெரியவர் கேட்ட அதே கேள்வி. அதை வராந்தாவுக்குக் கொண்டுவர எனக்கு அத்தனை ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

இப்போதும் விடியலில் ஓதுகிறேன். குரல் முன்போல் எழுவதில்லை. மூச்சு போதாமல் சில அசைகள் நழுவிவிடுகின்றன. நழுவிய இடத்துக்குத் திரும்பிப் போய் அதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே செல்கிறேன். மன்னிப்புக் கேட்பதற்கு எனக்கு வேறு வழி தெரியவில்லை.

கடைசியில் சொல்வதாகக் கூறியதற்கு வருகிறேன். சனிக்கிழமைக் கூட்டம் முடிந்தபோது, நான் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே, "சொன்னதெல்லாம் விளங்கியதா? இப்படியே செய்வீர்களா?" என்று கேட்டேன். மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. நீங்கள் எல்லோரும் பையை எடுத்துக்கொண்டே ஒரே குரலில் பதில் சொன்னீர்கள்:

"ஹவ் மேடம்."

அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.